கூட இருப்பவர் கையில் ஒரு கொப்பி

(கண்டியில், புற்றுநோயாளர்களின் குடும்பத்தினர் கூடிய நிகழ்வில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



புற்றுநோய் முதல் தடவை வரும்போது வீடு நிறைய ஆட்கள் இருப்பார்கள். கொழும்பிலிருந்து அண்ணன் வருவார். மாத்தளையிலிருந்து சின்னம்மா சாப்பாடு கட்டிக்கொண்டு வருவார். கட்டுக்கலைப் பிள்ளையாருக்கு யாராவது நேர்த்தி வைப்பார்கள். ஒப்பரேஷன், கீமோ, கரண்ட் பிடிப்பது என்கிற கதிர்ச் சிகிச்சை என்று ஒரு வரிசை இருக்கும். வரிசை முடிந்தால் நோயும் முடிந்தது என்று எல்லாரும் நம்புவோம். பலருக்கு அப்படியே முடிந்தும் விடுகிறது.

அதே நோய் திரும்பி வந்தால் வீட்டுக்கு வருகிற ஆட்கள் குறைந்துவிடுவார்கள். அன்பு குறைந்து அப்படி ஆவதில்லை. என்ன பேசுவது என்று அவர்களுக்குத் தெரியவில்லை. வைத்தியர்களின் பேச்சும் மாறிவிடும். குணமாக்குவதைப் பற்றிப் பேசியவர்கள் இப்போது கட்டுப்படுத்துவதைப் பற்றிப் பேசுவார்கள். ஒரு மருந்து வேலை செய்கிற வரை அது, அது கைவிட்டால் அடுத்தது. இப்படி மாதங்கள் போகும், சிலருக்கு வருடங்களே போகும். அந்தக் காலம் முழுவதும் நோயோடு சேர்த்து மருந்தின் பக்க விளைவுகளும் அன்றாட வாழ்க்கையாகிவிடும். அந்த வாழ்க்கையில் இரவும் பகலும் கூட இருப்பவர் பெரும்பாலும் ஒருவர்தான்: கணவன் அல்லது மனைவி. நான் இன்று பேச வந்தது அந்த ஒருவரைப் பற்றி.

என் மனைவி இந்த மண்டபத்தில்தான் உட்கார்ந்திருக்கிறார். அவருக்கு வந்தது மார்புப் புற்றுநோய். சிகிச்சை முடிந்து சில வருடங்கள் நன்றாக இருந்தார். பிறகு அது எலும்பில் திரும்பி வந்தது. இதையெல்லாம் மேடையில் சொல்லலாமா என்று அவரிடம் கேட்டேன். "சொல்லுங்க, மறைச்சு யாருக்கு என்ன லாபம்" என்றார்.

கிளினிக் நாளில் நடப்பது உங்களுக்கெல்லாம் தெரிந்ததுதான். விடியுமுன் புறப்பட்டு, நம்பர் எடுத்து, இரத்தம் கொடுத்து, றிப்போர்ட் வரும்வரை காத்திருந்து, கடைசியில் வைத்தியர் முன்னால் உட்காரும்போது கிடைப்பது சில நிமிடங்கள். வைத்தியர் கேட்பார், எப்படி இருக்கிறது என்று. முந்தின இரவு முழுவதும் குமட்டலோடு சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்த என் மனைவி, "சுகமா இருக்கேன் டொக்டர்" என்பார். வெளியில் இத்தனை பேர் காத்திருக்கும்போது நாம் குறை சொல்லக்கூடாது என்ற நாகரிகம் அதில் இருந்தது. சொன்னால் மருந்தை நிறுத்திவிடுவார்கள் என்ற பயம் அதைவிடப் பெரிதாக இருந்தது. இந்த இரண்டும் நம் நோயாளிகள் பலரிடம் உண்டு.

கூட இருப்பவருடைய முதல் வேலை தைரியம் சொல்வது என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். எனக்கு அந்த எண்ணம் போய்விட்டது. பார்ப்பதும், எழுதிவைப்பதும், எழுதியதை வைத்தியரிடம் சொல்வதும்தான் முதல் வேலை. ஒரு சிஆர் கொப்பியும் பேனையும் போதும். இது ஏதோ மனத்திருப்திக்காகச் சொல்வதல்ல. உயிரின் நீளத்தோடு சம்பந்தப்பட்ட விஷயம்.

2017இல் அமெரிக்காவில் ஈதன் பாஷ் என்ற புற்றுநோய் வைத்தியரும் குழுவினரும் ஓர் ஆய்வின் முடிவை வெளியிட்டார்கள். நியூயோர்க்கிலுள்ள மெமோரியல் ஸ்லோன் கெட்டரிங் புற்றுநோய் மையத்தில், நோய் பரவிய நிலையில் கீமோ எடுத்துக்கொண்டிருந்த 766 பேர் அதில் கலந்துகொண்டார்கள். ஒரு பகுதியினருக்கு வழக்கமான கவனிப்பு. மற்றவர்களிடம் குமட்டல், வலி, வயிற்றோட்டம், மூச்சுத்திணறல், களைப்பு போன்ற 12 அறிகுறிகளைக் கணினி வழியாகத் தொடர்ந்து அறிவிக்கச் சொன்னார்கள். ஏதாவது ஒன்று கடுமையானால் தாதிக்குத் தகவல் போகும், தாதி நடவடிக்கை எடுப்பார். வேறு புது மருந்து எதுவும் கிடையாது. வழக்கமான கவனிப்பில் இருந்தவர்களின் இடைநிலை ஆயுட்காலம் 26 மாதங்கள். அறிகுறிகளைத் தொடர்ந்து சொல்லிவந்தவர்களுக்கு 31 மாதங்கள்.

ஐந்து மாதங்கள்! பணத்தைக் கொட்டி வாங்குகிற எத்தனையோ மருந்துகள் இவ்வளவு தருவதில்லை. காரணம் எளிமையானது. வாந்தியை இரண்டாம் நாளே சொன்னால் ஒரு மாத்திரையில் நிற்கும். ஐந்தாம் நாள் சொன்னால் உடம்பில் நீர் வற்றி, வார்டில் சேலைன் ஏற்ற வேண்டிவரும், அடுத்த கீமோ தள்ளிப்போகும். அந்த ஆய்விலும் அறிகுறிகளைச் சொல்லிவந்தவர்கள்தான் கூடுதல் காலம் கீமோவைத் தாங்கினார்கள். சொன்னால் மருந்தை நிறுத்திவிடுவார்கள் என்று நாம் பயப்படுகிறோம். நடந்தது நேர்மாறு.

நம்மிடம் அந்தக் கணினி ஏற்பாடு இல்லை. ஆனால் பக்கத்தில் படுத்திருக்கிற ஆள் இருக்கிறார்.

கொப்பியில் எதை எழுதுவது? முதலில் காய்ச்சல். கீமோ ஏறி ஏழாம் நாளிலிருந்து பதினான்காம் நாள் வரை இரத்தத்தில் வெள்ளணுக்கள் குறைந்திருக்கும் காலம். அந்த நாட்களில் காய்ச்சல் 38 பாகை செல்சியஸ், அதாவது 100.4 பரனைட், தொட்டால் அது அவசரநிலை. இரண்டு பனடோலைக் கொடுத்துவிட்டுக் காலையில் பார்ப்போம் என்று இருக்கக்கூடாது. சாதாரண கிருமி ஒன்று ஒரே இரவில் இரத்தத்தில் பரவிவிடும். தெல்தோட்டையிலும் ரங்கலையிலும் மடுல்கலையிலும் இருக்கிற குடும்பங்களுக்கு இதைத் திரும்பத் திரும்பச் சொல்வேன். உங்களுக்குப் பாதை தூரம், இரவில் வாகனம் இல்லை. ஆகவே கீமோவுக்கு முன்பே ஒரு தெர்மோமீட்டர் வாங்குங்கள், இரவில் கூப்பிட்டால் வரக்கூடிய ஓட்டோக்காரர் ஒருவரிடம் பேசி வையுங்கள், 1990 அம்புலன்ஸ் இலக்கத்தைச் சுவரில் எழுதி ஒட்டுங்கள். 2022இல் எரிபொருள் வரிசையில் நாடே நின்றபோது, கிளினிக்குக்கு வர வழியில்லாமல் வீட்டிலேயே இருந்துவிட்ட நோயாளிகள் எத்தனை பேர் என்று உங்களுக்குத் தெரியும். வாகனம் மருந்தைப் போலவே முக்கியம்.

நோய் எலும்பில் இருப்பவர்களுக்கு இன்னொன்று. புதிதாக முதுகு வலி வந்து, அதோடு கால் பலவீனமாகிறது, மரத்துப்போகிறது, சிறுநீர் போவதில் மாற்றம் தெரிகிறது என்றால் அடுத்த கிளினிக் திகதி வரை காத்திருக்க வேண்டாம். முள்ளந்தண்டு நரம்பு அழுத்தப்படுகிற அறிகுறி அது. அன்றே போனால் காலைக் காப்பாற்றலாம். எலும்புக்கு ஏற்றுகிற சொலெட்ரோனிக் அசிட் மருந்துக்கு முன்னால் பல்வைத்தியரைப் பார்த்துவிட வேண்டும் என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள். அந்த மருந்து நடக்கும்போது பல் பிடுங்கினால் தாடை எலும்பு ஆறாமல் போகக்கூடும்.

மற்றவை நம் மலைநாட்டு வாழ்க்கையோடு பின்னிக்கிடப்பவை. குடல் புற்றுநோய்க்குக் கொடுக்கும் ஒக்ஸாலிபிளாட்டின் ஏற்றிய பிறகு குளிர் பட்டாலே விரலும் தொண்டையும் சுரீரென்று குத்தும். மார்கழிக் காலையில் பீலித் தண்ணீரில் கை வைக்கிற மனைவிக்கு அது என்ன வேதனை என்று யோசித்துப் பாருங்கள். சில நாட்களுக்குத் தண்ணீர் வேலை முழுவதையும் கணவன் எடுத்துக்கொள்ள வேண்டும். கெப்சிடபீன் மாத்திரை உள்ளங்கையையும் உள்ளங்காலையும் சிவக்க வைக்கும், வெடிக்க வைக்கும். கொழுந்து பறித்த கை அப்படித்தான் இருக்கும் என்று நினைத்து அவர்கள் சொல்லாமலே இருந்துவிடுவார்கள். மருந்தின் அளவைக் குறைத்தால் தீரக்கூடிய துன்பம் அது. வயிற்றோட்டம் வழக்கத்தைவிட நாளுக்கு நான்கு தடவை கூடினால் அன்றே வார்டுக்குச் சொல்லி, மாத்திரையைத் தொடர்வதா நிறுத்துவதா என்று கேளுங்கள். முள்ளுச் சீத்தா இலை, கசாயம், நாட்டு மருந்து எது கொடுத்தாலும் அதையும் கொப்பியில் எழுதுங்கள். வைத்தியர் ஏசுவார் என்று மறைத்தால், ஈரல் ஏன் கெட்டது என்று அவர் இருட்டில் தேட வேண்டியிருக்கும்.

பேராதனைப் பல்வைத்தியசாலைக்குப் போய்வருகிற மனைவிமாரைப் பற்றி நான் தனியாகச் சொல்ல வேண்டும். இலங்கை ஆண்களுக்கு மிக அதிகமாக வருவது வாய்ப்புற்றுநோய். வெற்றிலையும் பாக்கும் புகையிலையும் சேர்ந்து கொண்டுவருவது. வாயில் கரண்ட் பிடித்த மனிதனுக்கு உதட்டிலிருந்து தொண்டை வரை புண். உமிழ்நீர் வற்றிவிடும். வாய் திறக்காது. உப்பும் புளியும் உறைப்பும் நெருப்பாக எரியும். அவருக்கு என்ன சமைப்பது? சம்பலையும் ரொட்டியையும் மறந்துவிட்டு, குழைந்த சோற்றில் தேங்காய்ப்பால் விட்டு, சொதியில் ஊறிய இடியப்பம், ஆறவைத்த குரக்கன் கஞ்சி, முட்டை என்று அந்த மனைவிகள் கண்டுபிடித்தவற்றை எந்தப் புத்தகமும் எழுதவில்லை. சோடா மாவும் உப்பும் கலந்த வெதுவெதுப்பான தண்ணீரால் ஒரு நாளில் பல தடவை வாய் கொப்பளிக்க வைப்பதும் அவர்கள்தான். அவர் கோபத்தில் தட்டைத் தள்ளிவிடுவார். அந்தக் கோபம் சோற்றின் மேல் வந்த கோபம், உங்கள் மேல் வந்ததல்ல.

வலியைப் பற்றி ஒரு வார்த்தை. மோர்பின் என்றாலே கடைசிக்கட்டம் என்று நம் ஆட்கள் நினைக்கிறார்கள். உலகச் சுகாதார நிறுவனம் 1986இலேயே புற்றுநோய் வலிக்கு வாயால் கொடுக்கும் மருந்துகளின் படிமுறையை வெளியிட்டது. மோர்பின் அதில் ஒரு படி. நேரம் தவறாமல் கொடுத்தால் மனிதர் எழுந்து நடமாடுவார். கூடவே மலச்சிக்கல் வரும், அதற்கு முதல் நாளிலிருந்தே மருந்து கேட்டு வாங்குங்கள். வலியைப் பொறுத்துக்கொள்வதில் எந்தப் புண்ணியமும் இல்லை.

இனி ஒரு தம்பதியின் கதை. போல் கலாநிதி என்ற பெயரைச் சிலர் கேள்விப்பட்டிருப்பீர்கள். தமிழகத்தில் வேர்கொண்ட குடும்பத்தில், 1977இல் அமெரிக்காவில் பிறந்தவர். இலக்கியம் படித்து, பிறகு மருத்துவம் படித்து, ஸ்டான்ஃபோர்டில் மூளை அறுவைச் சிகிச்சைப் பயிற்சியின் கடைசிக் கட்டத்தில் இருந்தார். மனைவி லூசியும் வைத்தியர். போல் எடை குறைந்து, முதுகு வலியோடு வேலை செய்துகொண்டிருந்தபோது தன் சந்தேகத்தை மனைவியிடம் சொல்லவில்லை. முப்பது நாற்பது வயதுக்காரர்களுக்குப் புற்றுநோய் எவ்வளவு வருகிறது என்று அவர் தேடிப் பார்த்ததை லூசி அவருடைய தொலைபேசியில்தான் கண்டார். அந்த மௌனம் அவர்களுடைய மணவாழ்க்கையையே விளிம்புக்குக் கொண்டுபோயிருந்தது. 2013 மே மாதத்தில் நுரையீரல் புற்றுநோய், ஏற்கனவே பரவியது, என்று உறுதியானது. இரண்டு வைத்தியர்கள் வாழ்ந்த வீட்டிலேயே அறிகுறியை மறைப்பது நடந்தது என்றால் நம் வீடுகளில் நடப்பதில் ஆச்சரியமில்லை.

முதலில் கொடுத்த மாத்திரை நன்றாக வேலை செய்தது. முகத்தில் பருக்கள் போன்ற புண், வயிற்றோட்டம், ஆனால் கட்டி சுருங்கியது. அவர் மறுபடி அறுவைச் சிகிச்சைக்கூடத்துக்குத் திரும்பினார். பயிற்சி முடியும் தறுவாயில் எடுத்த ஸ்கேனில் புதிய கட்டி தெரிந்தது. அதன்பின் கீமோ. அது அவரைச் சாய்த்தது. பட்டமளிப்பு நாளில் விழாவுக்குப் போக முடியாமல் வாந்தியோடு வைத்தியசாலைக்குப் போனார், தீவிர சிகிச்சைப் பிரிவு வரை போனார். அந்த நாட்களில் இளம் வைத்தியர் ஒருவர் அவர் முதலிலிருந்து எடுத்துவந்த அந்த மாத்திரையை நிறுத்தப் பார்த்தார். அது இல்லாவிட்டால் எலும்பு வலி திரும்பிவிடும் என்று, படுக்கையிலிருந்தபடியே போல் வாதாட வேண்டியிருந்தது. அவர் வைத்தியர், ஆங்கிலத்தில் வாதாடினார். சிங்களமும் ஆங்கிலமும் நடக்கிற வார்டில் கலஹா தோட்டத்து அம்மா ஒருவர் என்ன செய்வார்? அவருக்காகப் பேச ஓர் ஆள், எந்த மாத்திரை, எதற்கு, எத்தனை மணிக்கு என்று எழுதிய ஒரு கொப்பி, இரண்டும் வேண்டும்.

2014 ஜூலை 4ஆம் திகதி அவர்களுடைய மகள் பிறந்தாள். பிரசவ அறையில் போல் பக்கத்துக் கட்டிலில் குளிர் தாங்காமல் போர்த்திக்கொண்டு படுத்திருந்தார். கீமோவால் விரல்நுனிகள் வெடித்தபோது, வெள்ளியிழை வைத்த தையலில்லாத கையுறைகளைப் போட்டுக்கொண்டு தன் வாழ்க்கையையும் நோயையும் பற்றிய புத்தகத்தை மடிக்கணினியில் எழுதினார். எனக்கு இந்த இரண்டு செய்திகளும் புத்தகத்திலுள்ள தத்துவங்களைவிடப் பெரியவை. பக்க விளைவு முற்றாகத் தீரவில்லை. ஆனாலும் அவர் செய்ய விரும்பிய வேலைக்கு அது தடையாக இல்லாதபடி ஒரு வழி கண்டுபிடிக்கப்பட்டது. கூட இருப்பவர்கள் கேட்க வேண்டிய கேள்வி அதுதான்: உனக்கு எதைச் செய்ய வேண்டும் என்று ஆசை, எந்தத் துன்பம் அதற்குக் குறுக்கே நிற்கிறது? என் மனைவிக்குக் காலையில் பூக்கன்றுகளுக்குத் தண்ணீர் ஊற்ற வேண்டும். விரல் மூட்டு வலியில் வாளி தூக்க முடியவில்லை. அதைத்தான் கொப்பியில் எழுதி வைத்தியரிடம் காட்டினோம். மாத்திரை நேரம் மாறியது, வாளியும் சின்னதானது.

போல் 2015 மார்ச் 9ஆம் திகதி காலமானார், 37 வயதில். முடிக்காமல் விட்ட புத்தகத்துக்கு முடிவுரை எழுதியவர் லூசி. 2016இல் அது வெளிவந்தது. பின்னாளில் நீனா ரிக்ஸ் என்ற எழுத்தாளர் மார்புப் புற்றுநோயால் மரணப்படுக்கையில் இருந்தபோது, தனக்குப் பிறகு லூசியிடம் உதவி கேட்கும்படி கணவரிடம் சொன்னார். கணவரும் எழுதினார், லூசி பதில் எழுதினார். இந்தப் பாரத்தைச் சுமந்த ஒருவருக்குத்தான் இன்னொருவருடைய பாரம் தெரியும். கிளினிக் வாங்கில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற பெண்ணிடம் பேச்சுக் கொடுங்கள். எந்தச் சிங்களத் தாதி பொறுமையாக விளக்குவார், எந்தப் பாமசியில் மருந்து இருக்கிறது என்பதெல்லாம் அவர்களுக்குத் தெரியும்.

இப்போது ஆண்களிடம் நேராகப் பேசுகிறேன். 2009இல் அமெரிக்காவில் மூளைக்கட்டி, பிற புற்றுநோய்கள், மல்டிபிள் ஸ்க்ளிரோசிஸ் நோயாளிகள் 515 பேரை ஆராய்ந்தார்கள். நோயாளி ஆணாக இருந்தால் 100க்கு 3 பேரளவில் மணவாழ்க்கை முறிந்தது. நோயாளி பெண்ணாக இருந்தால் 100க்கு 21 பேரளவில். நம் ஊரில் விவாகரத்துக்குப் போகமாட்டார்கள். ஆனால் வார்டில் பாருங்கள். ஆண் நோயாளியின் பக்கத்தில் மனைவி இருப்பார். பெண் நோயாளியின் பக்கத்தில் அவருடைய தங்கையோ மகளோ தாயோ இருப்பார். கணவன் பின்னேரம் வந்து வாசலில் நின்றுவிட்டுப் போவார். பேர், அதாவது அன்றைய கூலி, போய்விடும், வேலை போய்விடும் என்பது உண்மையான காரணம், அதை நான் சிறுமைப்படுத்தவில்லை. தோட்டத்தில் ஒரு நாள் பேர் போவது அடுப்பைத் தொடுகிற விஷயம். ஆனால் வேலையில்லாத ஞாயிற்றுக்கிழமையும் வாந்திப் பாத்திரத்தைக் கழுவுவது மகளின் வேலையாக இருந்தால் அதற்குப் பெயர் வறுமை அல்ல.

இன்னொன்றையும் வெட்கமில்லாமல் சொல்கிறேன். மார்பு எடுத்த மனைவி, முடி கொட்டிய மனைவி, ஹோர்மோன் மாத்திரையால் உடல் வறண்டு உறவே வலியாகிப்போன மனைவி, தன்னைக் கணவன் அருவருக்கிறான் என்று உள்ளுக்குள் நினைத்து அழுகிறாள். புற்றுநோய் தொற்றாது. தட்டைப் பிரித்து வைக்காதீர்கள், படுக்கையைப் பிரித்து வைக்காதீர்கள். கையைப் பிடித்துக்கொண்டு தூங்குவதற்கு எந்த வைத்தியரும் தடை போடவில்லை. மற்றதற்கும் மருந்துகளும் வழிகளும் உண்டு, தாதியிடம் கேட்கலாம்.

கவனிப்பவரையும் கவனிக்க வேண்டும். அவர் தன் பிரஷர் மாத்திரையை மறக்கிறார், தூங்குவதில்லை, பிள்ளைகள்மேல் எரிந்துவிழுகிறார். வாரத்தில் ஒரு இரவாவது வேறொருவர் முழித்திருக்கட்டும். அதைக் கேட்பதில் குற்றவுணர்ச்சி வேண்டாம்.

மருந்துகள் தீர்ந்துபோகிற நாளும் சிலருக்கு வரும். நோய்த் தணிப்புச் சிகிச்சையை அந்த நாள்வரை தள்ளிப்போடாதீர்கள். 2010இல் வெளியான ஓர் ஆய்வில், பரவிய நுரையீரல் புற்றுநோய் உள்ளவர்களில் தொடக்கத்திலேயே அந்தச் சிகிச்சையைப் பெற்றவர்கள் நிம்மதியாகவும் இருந்தார்கள், சில மாதங்கள் கூடுதலாகவும் வாழ்ந்தார்கள். நம் சுகாதார அமைச்சும் 2019இலிருந்து 2023 வரைக்கான தேசியத் திட்டம் ஒன்றை இதற்கென்றே வகுத்தது. திட்டம் காகிதத்தில் இருந்தால் போதாது, தோட்ட டிஸ்பென்சரி வரை வர வேண்டும்.

வைத்தியசாலைகளை நடத்துகிறவர்கள் இந்த அவையில் இருக்கிறார்கள். அவர்களிடம் என் வேண்டுகோள்: நோயாளியோடு வருகிற ஒருவரை அறைக்குள் விடுங்கள். "கூட வந்தவர் வெளியில் நில்லுங்கள்" என்ற குரலோடு பாதித் தகவலும் வெளியில் நின்றுவிடுகிறது. எந்த அறிகுறி வந்தால் எந்த இலக்கத்துக்கு அழைப்பது என்று ஒரு பக்கத்தில் தமிழில் அச்சடித்து ஒவ்வொரு கீமோ நோயாளியின் கையிலும் கொடுங்கள். தமிழ் இந்த நாட்டின் அரச கரும மொழி, இது சலுகை கேட்பதல்ல.

மற்ற எல்லாரிடமும் கேட்பது ஒன்றுதான். உங்கள் தெருவில், உங்கள் லயத்தில், நோய் திரும்பி வந்த ஒருவர் நிச்சயம் இருப்பார். எப்படி இருக்கிறார் என்று விசாரித்துவிட்டுத் திரும்பாதீர்கள். அடுத்த கிளினிக் எந்தத் திகதி என்று கேளுங்கள். அந்தத் திகதியில் அவரோடு போங்கள், அல்லது அவருடைய கணவனோ மனைவியோ போவதற்காக அந்த வீட்டுப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளுங்கள்.